வெண்ணந்தூர்ச் சாவடியில் ஜெட் ஜேம்ஸ்

"ம், பாடுங்க," என்றார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

உச்சிப் பொழுது. வைகாசி வெயில் வெண்ணந்தூர்ச் சாவடியின் ஓடுகளைத் தாண்டி இறங்கி என் மண்டையில் உட்கார்ந்திருந்தது. எதிரே ஒரு கால் ஆடும் மேசை. அதன் பின்னால் இன்ஸ்பெக்டர் பழனியப்பன். அவருக்கு ஒரு பக்கம் ஊர் மணியக்காரர், மறுபக்கம் கர்ணம். வெளியே புளியமரத்தடியில், தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்த ஜனம். தலைகளில் பஞ்சுத் தூசி. காற்றில் பாவுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை.

நான் அலுவலக உடையில் இருந்தேன். வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி. ராக் அண்ட் ரோலுக்கு வேட்டி உகந்த உடை அல்ல. அனுபவத்தில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இந்த அனுபவம் உள்ள ஒரே ஆள் நான்தான்.

முன்வரிசையில், மடித்த துண்டைத் தோளில் போட்டுக் கைகட்டி நின்றவர் சூசை வாத்தியார். அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். இன்னும் மூன்று வாரத்தில் எனக்கு மாமனார் ஆகவிருந்தவர்.

"கூச்சப்படாதீங்க சாமி," என்றார் மணியக்காரர். "இன்னதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே நாங்க ஆட்சேபண சொல்ல முடியும்?"

மறுக்க முடியாத நியாயம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

ஆத்தூர் வாசகருக்கு

ஜமாபந்தி, பட்டா மாறுதல், வெள்ள நிவாரணத்துக்குப் பாய் வாங்கிய கதை என்று இந்தப் பத்தியில் இத்தனை வாரமும் கண்ணியமாகவே எழுதிக்கொண்டு வந்தேன். ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டுவிட்டார். "அந்தக் காலத்தில் ஜெட் ஜேம்ஸ் என்ற ராக் அண்ட் ரோல் பாடகர் எங்கள் பக்கம் வந்து ஆடினார். அவர் பின்னாளில் தாசில்தாராகி ஓய்வு பெற்றார் என்கிறார் என் அண்ணன். அது தாங்கள் இல்லையே?"

நான்தான். மறுக்க வழியிருந்தால் மறுத்திருப்பேன். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு எதையும் மறுக்கத் தெரியும். ஆனால் அண்ணன்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஃபயர்மேன் வீட்டுக் கேக்

எங்கள் அப்பா சேலத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்மோனியமும் அவர்தான். எனக்குக் குரல் இருந்தது. அதை ஆண்டவருக்கென்று அப்பா ஒதுக்கி வைத்திருந்தார்.

அதே பூசைக்கு ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வரும். குடும்பத் தலைவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். சனிக்கிழமை மாலை நேரங்களில் அவர் வீட்டுக்குப் போய் ஆங்கிலம் பேசப் பழகிக்கொள் என்று அப்பாவே அனுப்பிவைத்தார். அந்தம்மா பிளம் கேக் வெட்டித் தருவார். ஃபயர்மேன் கிடாரை எடுத்து மடியில் வைப்பார். பம்பாயில் இருந்த அவர் தம்பி அனுப்பிய இசைத்தட்டுகள் சுழலும்.

முதல் தட்டைக் கேட்டபோது எஞ்சின் கிளம்பும் சத்தத்துக்கு யாரோ வார்த்தை போட்டதுபோல் இருந்தது. இரண்டாவது தட்டில் என் கால் என்னைக் கேட்காமல் ஆடியது. அந்தக் காலை நான் கையால் பிடித்து நிறுத்தினேன். நாங்கள் கட்டுப்பாடான குடும்பம்.

கிடாரில் விரல் வைக்கும் மூன்று இடங்களை ஃபயர்மேன் சொல்லித்தந்தார். "இது போதும். மிச்சம் இடுப்பில் இருக்கிறது," என்றார். இந்தச் செய்தியை நான் அப்பாவிடம் தெரிவிக்கவில்லை. மகன் ஆங்கிலத்தில் முன்னேறுகிறான் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஜெட் ஜேம்ஸ் அவதாரம்

என்னைப் பாடகன் ஆக்கியவன் கரீம். பள்ளித் தோழன். அவன் அத்தாவுக்குக் கடைவீதியில் வெல்ல மண்டி. மண்டியில் உட்காரப் பிடிக்காமல் அழுது புரண்டு ஒரு மைக் செட் வாங்கியிருந்தான். கல்யாணம், காது குத்து, கோயில் நோம்பி என்று ஊர் ஊராகப் போய்ப் பனைமரத்தில் குழாய் கட்டுவான்.

"டேய் ஆரோக்கியம், ஊர்ல எவனுமே பாடாத பாட்டைப் பாடறே," என்றான் கரீம். "நல்லாருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியப் போவுது? இதைவிட ஒரு வசதி கிடைக்குமாடா?"

இவ்வளவு நேர்மையான விமர்சனத்தை அதன்பின் நான் யாரிடமும் கேட்டதில்லை.

சாமுவேல் மகன் ஆரோக்கியசாமி என்று நோட்டீஸ் அடித்தால் ஜெபக் கூட்டத்துக்கு வருவது போல வருவார்கள் என்று சொல்லி ஜெட் ஜேம்ஸ் என்று அவனே பெயர் வைத்தான். 'தென்னாட்டின் முதல் ராக் அண்ட் ரோல் பாடகர்' என்று கீழே ஒரு வரி. முதல் என்பது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை பேண்டு வாத்தியக்காரர் ஒருவரின் சிவப்புக் கோட்டு வாடகைக்குக் கிடைத்தது. தோளில் மஞ்சள் குஞ்சம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கிளாரினெட் வாசித்தவரின் மூக்குப்பொடி நெடி அதில் நிரந்தரமாகக் குடியிருந்தது. பாட்டின் நடுவே நான் தும்மினால் ஜனம் அதையும் ராக் அண்ட் ரோல் என்று எடுத்துக்கொண்டது.

அரங்கேற்றம் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையின் ஆயுத பூசையில். ஆங்கிலப் பாட்டு எடுபடாது என்று நானே தமிழில் ஒன்று கட்டினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்:

லாரி வருது லாரி வருது நாமக்கல் லாரி
ஏறிக்கடி ஏறிக்கடி என் ராஜகுமாரி
பிரேக்கு இல்லே கியரு இல்லே பாரமும் இல்லே
போற ஊரு தெரியவில்லே போவோம் அதனாலே!

இரண்டாவது அடியில் இடுப்பை ஒடித்து, மூன்றாவது அடியில் முழங்காலை மடக்கி, நான்காவது அடியில் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினேன். பட்டறைக்காரரின் வயதான அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"சாமி வந்திருச்சு, சாமி வந்திருச்சு! ஆரு சாமி நீயி? என்ன வேணும்னு சொல்லு!"

முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நெற்றியில் திருநீறு விழுந்தது. உபதேசியார் மகன் நான். பாட்டை நிறுத்தினால் மலையேறிவிட்டதாக நினைப்பார்கள், நிறுத்தாவிட்டால் கிடா வெட்டக் கேட்பதாக நினைப்பார்கள். கரீம் ஒலிபெருக்கியில் அறிவித்தான்: "இது சாமி இல்லீங்க தாய்மாரே, இது அமெரிக்கா!"

அதன்பின் மூன்று வருஷம் போல ஓடியது. குமாரபாளையத்தில் தறிக்காரப் பையன்கள் அதே லாரிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, முடிவில் என்னைத் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் போனார்கள். காவிரியில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். திருச்செங்கோட்டில் ஒரு டூரிங் டாக்கீஸில் இடைவேளையில் பாடினேன். இடைவேளை முடிந்த பிறகும் பாடியதால் சோடா மூடிகள் வந்து விழுந்தன. ஜேடர்பாளையத்தில் ஆடிப் பெருக்குக்குப் போனோம். மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லாத ராக் அண்ட் ரோல் அணையில் தண்ணீர் விழும் சத்தத்தில் எவர் காதிலும் ஏறவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பாவம், அந்தத் தம்பிக்கு வலிப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

இது அப்பா காதுக்கு எட்டவில்லையா என்று கேட்பீர்கள். எட்டியது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோயில் பாட்டுக்காரர் வரிசையில் என் இடத்துக்கு வேறு பையனை நிறுத்தினார், அவ்வளவுதான்.

ஒரு விண்ணப்பம் எழுதினேன்

பிறகு உத்தியோகம் வந்தது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எந்தத் தாலுகா என்பது வேண்டாம். ஓய்வூதியம் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சேர்ந்த வாரமே நடத்தை விதிகள் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். அதை அப்படிப் படித்த குமாஸ்தா அந்த ஆபீஸில் அதற்கு முன் இல்லை. முன் அனுமதி பெறாமல் பொது இடத்தில் பாடினால் தகுதிகாண் பருவத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்துகொண்டேன். சிவப்புக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கரீம் சைக்கிளில் வந்தான். வெண்ணந்தூர்த் தறிக்கூட முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் கோயமுத்தூரில் படித்தவன். ஜெட் ஜேம்ஸ் வந்தால்தான் தாலி கட்டுவேன் என்கிறானாம்.

"அனுமதி வேணும்டா," என்றேன்.

"வாங்கேன். உங்க ஆபீஸுதானே?"

வாங்கிவிடலாம் என்றுதான் பட்டது. கிடாரை மறுபடி தொட ஆசையாகவும் இருந்தது. விண்ணப்பம் எழுதினேன். அந்த விண்ணப்பத்தைப் போல் குறையில்லாத ஒரு விண்ணப்பத்தைப் பின்னாளில் நான் அதிகாரியாக உட்கார்ந்தபோதும் பார்த்ததில்லை. 'ஆரோக்கியசாமி என்கிற ஜெட் ஜேம்ஸ்' என்று இரு பெயரையும் எழுதினேன். 'என்கிற' விடுபட்டால் பின்னால் சிக்கல் வரும். நிகழ்ச்சியின் தன்மை: 'ராக் அண்ட் ரோல் என்னும் மேல்நாட்டுப் பாட்டு, உரிய உடலசைவுகளுடன்'. இடம்: வெண்ணந்தூர். எதையும் மறைக்கவில்லை.

விண்ணப்பம் மேலே போனது. அங்கே தூங்கிவிட்டது. முதலாளியின் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து, தீட்டு, தலைத்திவசம் என்று அந்தக் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற பாட்டெல்லாம் தெரியாதுங்களா?"

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் அமைந்தது. பெண் ரோசலி. சூசை வாத்தியாரின் மகள், அவர் பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புக்கு டீச்சர். ஊர் வெண்ணந்தூர் என்று அம்மா சொன்னபோது விண்ணப்பத்தில் 'இடம்' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. ஆனால் ஜெட் ஜேம்ஸ் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்தேன். தூங்கும் கோப்பைத் தட்டினால் எழுந்து உட்கார்ந்து காரணம் கேட்கும். விட்டுவிட்டேன்.

பெண் பார்க்கப் போன அன்று சூசை வாத்தியார், "தம்பி கோயில்ல பாடுவாராமே," என்றார். அப்பா கூரையைப் பார்த்தார். நான் ஒரு மாதா பாட்டுப் பாடினேன். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது செம்பில் தண்ணீர் ஊற்றியது ரோசலி.

"நல்லாப் பாடுனீங்க. வேற பாட்டெல்லாம் தெரியாதுங்களா?"

"கோயில் பாட்டு மட்டுந்தான்."

"ஓ," என்று சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள். அந்த 'ஓ'வில் இருந்தது நிம்மதி என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் நடக்கும். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்று பாக்கி.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள் கோப்பு விழித்துக்கொண்டது.

சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது

'விசாரித்து அறிக்கை தருக' என்று மேலிடம் எழுதியிருந்தது. சிப்பந்திகள் விவகாரம் பார்க்கும் குமாஸ்தா பிரசவத்துக்குப் போன மனைவிக்குத் துணையாக ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தைப் பார்த்தவர் வாழ்நாள் முழுக்கப் புறம்போக்கு நிலத்தை ஒப்படை செய்யும் கோப்பு மட்டும் பார்த்தவர். அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மனு வந்தால் கிராமத்தில் தண்டோரா போட்டு ஆட்சேபணை கோர வேண்டும். பிறகு சாவடியில் விசாரணை. அவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்தாலும் நான்கு எல்லையும் கேட்பார்.

எனக்கு இது தெரியாது. புதன்கிழமை தாசில்தார் கூப்பிட்டு, "வெண்ணந்தூர்ல உம்ம விசாரணை இருக்காம், போய்ட்டு வாரும்," என்றார். இன்ஸ்பெக்டர் கர்ணத்திடம் ஒரு கையெழுத்து வாங்குவார், நான் பக்கத்தில் நிற்பேன் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். கரீமும் தொற்றிக்கொண்டான்.

ஊருக்குள் இறங்கினால் தெருமுனையில் தலையாரி தமுக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது என்னன்னா, தாலுகா ஆபீசு குமாஸ்தா ஆரோக்கியசாமிங்கற ஜெட்டு ஜேம்சு நம்மூர்ல ராக்கன்ரோலு பண்றதுக்கு உத்தரவு கேட்டிருக்கறாருங்கோ! ஆட்சேபண இருக்கறவங்க இன்னைக்கே சாவடிக்கு வரோணுமுங்கோ!"

டும் டும் டும்.

"ஏனுங்க, எந்த நெலத்துலீங்க பண்றாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"மேக்கால ஏரிப் பக்கமா இருக்கும். அங்கதான் புறம்போக்கு கெடக்குது."

"அதுக்கு வரி ஏதாச்சும் போடுவாங்களா?"

"ஆரோக்கியசாமியா? நம்ம வாத்தியாரு ஊட்டு மாப்பிள்ள பேரும் அதுதானுங்களே?" என்றது ஒரு பெண் குரல்.

கரீம் என் காதில், "நோட்டீஸ் செலவே இல்லாம எப்படி விளம்பரம் பாரு!" என்றான். திரும்பி பஸ் ஏறியிருக்கலாம். மனுதாரர் ஆஜராகாவிட்டால் மனு தானாகவே தள்ளுபடி ஆகும், விதி எனக்குத் தெரியும். ஆனால் தகுதிகாண் பருவத்துக் குமாஸ்தா, தாசில்தார் போ என்ற இடத்துக்குப் போகாமல் திரும்புவது வேறொரு விதியில் வரும். அதுவும் தெரியும்.

உரிய உடலசைவுகளுடன்

சாவடியில் பழனியப்பன் நேரடியாகவே ஆரம்பித்தார். "ஆட்சேபணை உண்டா?"

ஜனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்று மணியக்காரர் கேட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் இலக்கணமாக விளக்கினேன். மேல்நாட்டில் தோன்றியது, தாளம் துரிதமானது, இளைஞர்களால் விரும்பப்படுவது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அந்த நியாயம் எழுந்தது, இன்னதென்று தெரியாமல் எப்படி ஆட்சேபிப்பது என்று. நிலமென்றால் நடந்து போய்ப் பார்க்கலாம். ஸ்தலத் தணிக்கை இல்லாமல் அறிக்கை எழுதும் வழக்கம் பழனியப்பனுக்கு இல்லை.

பாடினேன்.

கிடார் இல்லை. மைக் இல்லை. சிவப்புக் கோட்டு இல்லை. கறுப்புக் கண்ணாடியும் இல்லாததால் எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது. லாரி வருது லாரி வருது என்று என் குரல் சாவடிச் சுவரில் மோதித் தனியாகத் திரும்பி வந்தது. கோயிலில் மாதா பாட்டுக்குப் பழகிய அதே குரல்.

முதல் அடி முடிந்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. 'உரிய உடலசைவுகளுடன்'னு போட்டிருக்கீங்க. அசைவு எங்கே?"

"அது... இடவசதி இல்லைங்க சார்."

"ஏப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவருக்கு எடம் உடுங்க."

தள்ளி நின்றார்கள். இடது கையால் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். வலது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. 'ஏறிக்கடி ஏறிக்கடி என் ராஜகுமாரி' என்று இடுப்பை ஒடித்தேன். ஒடித்த திசையில் சூசை வாத்தியார் நின்றிருந்தார். அவர் என் இடுப்பைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று நான் அவர் வாசலில் கழற்றிப்போட்ட அதே செருப்பு.

சாவடியை ஒட்டித்தான் பள்ளிக்கூடம். இடையே மார்பளவுச் சுவர். அதன்மேல் வரிசையாகச் சின்னத் தலைகள். "லாரி வருது, லாரி வருது," என்று அவை பாட ஆரம்பித்தன. அவற்றைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது ரோசலி. ஒரு கை பிள்ளைகள் மேல். மற்றக் கை வாயைப் பொத்தியிருந்தது. தோள்கள் குலுங்கின. சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முழங்காலை மடக்க வேண்டிய இடம் வந்துவிட்டதால் நான் மடக்கிக்கொண்டிருந்தேன்.

தலையையும் சிலுப்பி முடித்தேன்.

கரீம் மட்டும் கை தட்டினான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அவனும் நிறுத்திவிட்டான்.

உறவா, இல்லையா

"இப்பச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆட்சேபணை?"

"பாட்டுப் பரவாயில்லீங்க," என்றார் ஒரு தறிக்காரர். "ஒடம்புக்குத்தான் ஏதாச்சும் ஆயிரும்போல. வைத்தியரக் காட்டச் சொல்லுங்க."

"கல்யாண ஊட்ல பாடிட்டுப் போவட்டுமுங்க," என்றார் மணியக்காரர். "மாரியாத்தா நோம்பியில மட்டும் வேண்டாமுங்க. ஆத்தா எந்திரிச்சு வந்துட்டா ஆரு பதில் சொல்றது?"

ஜனம் சிரித்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் முன்வரிசையைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. உங்க வாக்குமூலம் இருந்தா நல்லாருக்கும். என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஆட்சேபண ஒண்ணுமில்லீங்க," என்றார் சூசை வாத்தியார்.

"நல்லது. ஒரு விஷயம். மனுதாரருக்கு உறவுக்காரர் குடுக்கற வாக்குமூலம் செல்லாது. நீங்க இவருக்கு ஏதாவது உறவுங்களா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. வாத்தியார் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. பரீட்சையில் தவறிய பையனின் தகப்பனாரிடம் பேசப்போகும்போது வாத்தியார்களுக்கு வரும் முகம் அது.

"உறவில்லீங்க," என்றார். கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

நான் சிலிர்த்துப்போனேன். என்ன மனிதர்! தான் மாமனார் என்று ஒப்புக்கொண்டால் தன் வாக்குமூலம் செல்லாது என்று அந்த நொடியில் கணக்குப் போட்டு, மருமகனுக்காக ஊரறிய ஒரு பொய் சொல்கிறார். சட்டப்படியும் அது பொய் இல்லை. மூன்றாவது ஓலை வாசித்துத் தாலி ஏறும்வரை உறவு ஏற்படவில்லை அல்லவா? இவ்வளவு நடைமுறை தெரிந்தவர் எனக்கு மாமனாராக வருகிறாரே என்று பெருமைப்பட்டேன்.

சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்து ஆயா சாவடிக்கே இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். "வாத்தியாரு குடுக்கச் சொன்னாருங்க." வாத்தியார் வீடு நாலு வீடு தள்ளித்தான். இன்ஸ்பெக்டர் எதிரில் மருமகனை வீட்டுக்கு அழைத்தால் உறவு வெளிப்பட்டுவிடும், அதனால்தான் மோரை இங்கே அனுப்புகிறார் என்று அதையும் வியந்தபடி குடித்தேன். நல்ல மோர். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கரீம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு நடைமுறை எதுவும் தெரியாது. ஆனால் மண்டிக்காரர் மகன். யார் சரக்கை வேண்டாம் என்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

"ஆரோக்கியம், நீ நேரா அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கணும்டா," என்றான் கடைசியில்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடா," என்றேன்.

மூன்றாம் ஞாயிறு

ஞாயிறு காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் அம்மாவும் தங்கையும். மேலே பாடகர் மேடையில் அப்பா, ஆர்மோனியத்தின் முன்னால். நானும் ஜனங்களோடு முழங்காலில் இருந்தேன்.

சாமியார் ஓலைகளை எடுத்தார். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. மூன்றாவதாக ஒரு ஜோடி, அவர்களுக்கு முதல் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். தாளை மடித்து வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கினார்.

அம்மா தலைமுக்காட்டை விலக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அவளோடு பெண்கள் பக்கமே திரும்பியது. சாமியார் மறந்திருப்பார், பூசை முடிந்ததும் நினைவுபடுத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. பிறகுதான் மேலே பார்த்தேன். அப்பா ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக்கொண்டிருந்தார். பிரசங்கம் முடிந்து பாட்டு வர வேண்டும், அது அவருக்குத் தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். முந்தின நாள் சூசை வாத்தியார் பஸ்ஸில் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் தெரு வழியாகத்தான் நடந்திருக்க வேண்டும், கோயிலுக்கு வேறு வழி இல்லை.

"உன்னைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொல்லலை," என்றார் சாமியார். "நல்ல பையன்தான், பாட்டும் தப்பில்லைன்னார். 'அன்னைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டப்பவே உறவில்லைன்னு சொல்லிட்டேன், அந்தப் பையன் புரிஞ்சுக்கிட்டிருப்பான்'னு சொன்னார். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாமி," என்றேன்.

அதுதான் எனக்கு இன்றும் தீராத வெட்கம். இடுப்பை ஒடித்ததில்கூட அவ்வளவு இல்லை. ஒரு மனிதர் நேருக்கு நேர் நின்று, ஊர் கேட்க, சாதாரணத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். நான் அதற்கு விதி தேடிக்கொண்டிருந்தேன். நாலு வீடு தள்ளி இருந்த வீட்டுக்கு நடந்து போயிருந்தால் வாத்தியார் என்ன சொல்லியிருப்பாரோ, ரோசலி என்ன சொல்லியிருப்பாளோ. தண்டோரா போட்டு ஊரையே ஆட்சேபணை கேட்டார்கள். கோயிலில் இரண்டு பங்கு ஜனத்தையும் கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஆள் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஆபீஸில் ஆணை வந்தது. ஆட்சேபணை ஏதும் வரப்பெறாமையால், ஆரோக்கியசாமி என்கிற ஜெட் ஜேம்ஸ் வெண்ணந்தூர் கிராமத்தில் உரிய உடலசைவுகளுடன் பாட அனுமதிக்கப்படுகிறார். தேதி குறிக்க மறந்துவிட்டார்கள். கால வரம்பு இல்லாத அனுமதியை ரத்து செய்ய வேண்டுமானால் தனியே ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று பிறப்பிக்கப்படவில்லை. வெண்ணந்தூரில் பாட எனக்கு இன்றைக்கும் அனுமதி இருக்கிறது.